இரண்டாம் முறை எழுப்பப்பட்ட விஎம்: பழைய நிலைக்கோப்பு ஒன்றால் நேர்ந்த சேதம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஓர் இரவு ஹோஸ்ட் கணினி மின்வழங்கிக் கோளாறால் சட்டென்று நின்றுபோனது. அதில் ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் விஎம்மும் (மென்பொருளால் ஆன மெய்நிகர் கணினி) கூடவே போனது. ஹோஸ்ட் திரும்ப எழுந்ததும், பணியில் இருந்தவர் பேக்கப் ஃபோல்டரில் அந்த விஎம்மின் பெயரில் ஒரு நிலைக்கோப்பு, அதாவது ஓடும் விஎம்மின் நினைவை உறைய வைத்து எழுதிய கோப்பு, இருப்பதைப் பார்த்தார். அதை ரீஸ்டோர் செய்தார். விஎம் சில நொடிகளில் வந்துவிட்டது. டேட்டாபேஸ் கேள்விகளுக்குப் பதில் சொன்னது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து ஃபைல் சிஸ்டம் உடைந்து, படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போனது.

ஹோஸ்ட் விழுந்ததால் ஏற்பட்ட சேதம் அநேகமாக ஒன்றுமில்லை. சாதாரணமாக ஸ்டார்ட் கொடுத்திருந்தால் ஜர்னல் ரீப்ளே (ஃபைல் சிஸ்டம் தன் குறிப்பேட்டைப் பார்த்துக் குறை வேலையை முடிப்பது), டேட்டாபேஸின் கிராஷ் ரெகவரி எல்லாம் தானாக நடந்து, சில நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். எழுப்பிய விதத்தில்தான் தரவு கெட்டது. அந்த நிலைக்கோப்பு இரண்டு வாரத்துக்கு முன்பே ஒருமுறை ரீஸ்டோர் செய்யப்பட்டு, அழிக்கப்படாமல் அங்கேயே கிடந்த கோப்பு. பிற்பாடு ஆய்வுக்கு என்னை அழைத்தார்கள். நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இந்த விஷயத்துக்குத் தேவையில்லை.

சூழல்

லினக்ஸ் ஹோஸ்ட், விஎம்களை ஓட்டும் கேவிஎம், க்யூஎமு, அவற்றை நிர்வகிக்க லிப்வர்ட். விஎம்முக்கு 32 ஜிபி ரேம், ஒரு க்யூகவ்2 டிஸ்க் (ஹோஸ்ட்டில் ஒரு கோப்பாக இருக்கும் மெய்நிகர் டிஸ்க்). உள்ளே இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், அதன்மேல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். எங்கும் பார்க்கக்கூடிய அமைப்புதான்.

லிப்வர்ட்டில் ஓடும் விஎம்மை அப்படியே உறைய வைத்து எடுத்து வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மேனேஜ்டு சேவ். இதில் கோப்பை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது, எப்போது அழிப்பது எல்லாமே லிப்வர்ட்டின் பொறுப்பு. அடுத்த முறை ஸ்டார்ட் கொடுத்தால் கோப்பு இருக்கிறதா என்று அதுவே பார்க்கும், அதிலிருந்து எழுப்பும், எழுந்துவிட்டால் கோப்பை அழித்துவிடும். மற்றொன்று வெறும் சேவ். எந்த இடத்தில் எந்தப் பெயரில் வைக்க வேண்டும் என்று நாம் சொல்கிறோம். எழுப்பும்போதும் அதே கோப்பைக் காட்டி ரீஸ்டோர் கொடுக்கிறோம். எழுந்த பிறகு கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை என்ன செய்வது என்பது நம் பாடு.

இரண்டு வாரத்துக்கு முன் ஹோஸ்ட்டின் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, புதுப்பிக்க வேண்டியிருந்தது. லிப்வர்ட்டின் சொந்த ஃபோல்டர் இருந்த பார்ட்டிஷனில் 32 ஜிபி ரேமைக் கொட்டுமளவு இடமில்லை. அதனால் பெரிய பேக்கப் டிஸ்க்கைக் காட்டி வெறும் சேவ் செய்தார்கள். ஹோஸ்ட் ரீபூட் ஆனது, ரீஸ்டோர் ஆனது, விஎம் எதுவும் நடக்காததுபோல் தொடர்ந்தது. அதுவரை எல்லாம் சரி. வேலைக்குறிப்பில் சேவ் கமாண்டும் ரீஸ்டோர் கமாண்டும் இருந்தன. அதற்கப்புறம் ஒரு வரியும் இல்லை. கோப்பு பேக்கப் ஃபோல்டரிலேயே தங்கிவிட்டது. பேக்கப் என்ற பெயர்கொண்ட இடத்தில் கிடக்கும் எதுவும் பேக்கப்பாகத்தான் தெரியும். நள்ளிரவில் அதைப் பார்த்தவர் மேல் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லிப்வர்ட் கையேட்டில் எச்சரிக்கை தெளிவாகவே இருக்கிறது: எல்லா டிஸ்க்குகளையும் நிலைக்கோப்பு உருவான நேரத்து உள்ளடக்கத்துக்கே திருப்பினால் ஒழிய, அதே கோப்பை இரண்டாம் முறை ரீஸ்டோருக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் கமாண்ட் அடிக்கும்போது அந்த வரி திரையில் வராது. லிப்வர்ட் டிஸ்க்கின் மீது எந்த முத்திரையும் இடுவதில்லை. கோப்பு ஏற்கெனவே ஒருமுறை பயன்பட்டதா என்று பார்ப்பதும் இல்லை. க்யூஎமு 2.10 பதிப்பில் 2017இல் வந்த டிஸ்க் பூட்டும் இங்கே உதவாது. ஒரே டிஸ்க்கில் ஒரே நேரத்தில் இரண்டு க்யூஎமு எழுதுவதைத்தான் அது தடுக்கும். இங்கே எழுதியது ஒரே ஒரு க்யூஎமு. ஆனால் அதன் நினைவு இரண்டு வாரம் பழையது.

ஏன் உடைகிறது

நிலைக்கோப்பில் இருப்பவை: விஎம்மின் ரேம், சிபியு ரிஜிஸ்டர்கள், நெட்வொர்க் கார்டு, டிஸ்க் கன்ட்ரோலர் போன்ற மெய்நிகர் சாதனங்களின் உள்நிலை, கூடவே அந்த விஎம்மின் எக்ஸ்எம்எல் வரையறை. டிஸ்க்கில் உள்ள தரவு அதில் இல்லை. ஆகவே அது தனியாக ஒரு முழுப் பொருளே அல்ல. அந்தக் கணத்தின் டிஸ்க்கோடு சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம்.

ரீபூட்டுக்கும் ரீஸ்டோருக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே பிடித்துக்கொள்ள வேண்டும். ரீபூட்டில் கர்னலுக்கு நினைவு என்று எதுவும் இல்லை. டிஸ்க்கைப் படித்து, அது சொல்வதை நம்பி, குறையாக நின்ற வேலைகளை ஜர்னலிலிருந்து முடித்துக்கொள்ளும். ரீஸ்டோரில் கர்னல் தன் நினைவைத்தான் நம்பும். டிஸ்க்கைத் திரும்பப் படித்துச் சரிபார்க்க அதற்குக் காரணமே இல்லை, ஏனென்றால் தான் உறங்கியதே அதற்குத் தெரியாது. அதன் கணக்கில் போன கணத்துக்கும் இந்தக் கணத்துக்கும் இடையே ஒன்றும் நடக்கவில்லை.

அந்த நினைவில் என்னென்ன இருந்தன? எந்த பிளாக் காலி, எது நிரம்பியது என்ற பிட்மேப். கோப்புகளின் ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்பின் விவரக்குறிப்பு), எந்த ஃபோல்டரில் எந்தப் பெயர் என்ற பட்டியல். இன்னும் டிஸ்க்குக்குப் போகாத அழுக்குப் பக்கங்கள். ஜர்னலில் அடுத்து எங்கே எழுத வேண்டும் என்ற இடமும் வரிசை எண்ணும். இவை அனைத்தும் இரண்டு வாரம் பழையவை. அந்த இரண்டு வாரத்தில் டிஸ்க்கில் புதுக் கோப்புகள் வந்திருந்தன, பழையவை அழிந்திருந்தன, பெயர் மாறியிருந்தன. விழித்த கர்னல் காலி என்று நினைத்து எழுதிய பிளாக்குகளில் இதற்குள் வேறு கோப்புகளின் தரவு குடியிருந்தது. ஆட்கள் வீடு கட்டிக் குடியேறிவிட்ட மனையை, பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலி மனை என்று விற்பதுபோலத்தான்.

இதிலுள்ள பெரிய சங்கடம், தவறு உடனே தெரியாது என்பது. கேஷில் (வேகத்துக்காக ரேமில் வைத்த நகல்) இருப்பது பழைய நினைவிலிருந்து வரும். கேஷில் இல்லாதது புதிய டிஸ்க்கிலிருந்து வரும். ஒரே கோப்பின் ஒரு பகுதி இரண்டு வாரம் முந்தையதாகவும் இன்னொரு பகுதி இன்றையதாகவும் படிக்கப்படும். இரண்டும் தனித்தனியே பார்த்தால் ஒழுங்காக இருக்கும். ஃபோல்டரைப் பட்டியலிட்டால் அழகாக வரும். உள்ளே நுழைந்தவருக்கு பழைய ஷெல் அமர்வுகூட திறந்தே கிடக்கும். நலமா என்று கேட்கும் கண்காணிப்புக் கருவிக்கு நலம் என்றே பதில் போகும்.

இஎக்ஸ்டி4இன் மெட்டாடேட்டா செக்சம் (கோப்புகளைப் பற்றிய விவரங்களுக்கான சரிபார்ப்பு எண்) இயக்கத்தில் இருந்தால் பிட்மேப், ஐநோடு போன்றவற்றில் முரண்பாடு வரும்போது கர்னல் கண்டுபிடிக்கும். அப்படித்தான் இங்கேயும் கடைசியில் பிடிபட்டது. பிழை வந்தால் படிக்க மட்டும் என்று மாறும்படி மவுண்ட் விருப்பம் வைத்திருந்ததால் அத்தோடு நின்றது. எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் இப்படிப்பட்ட முரண்பாட்டைக் கண்டால் தன்னையே மூடிக்கொள்ளும். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொன்று தன் தரவு மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் தலைமுறை எண் வைத்திருப்பதால் பொருந்தாத கணுவை எட்டியதும் கூச்சலிடும். ஆனால் இஎக்ஸ்டி4இலும் எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் பயனரின் தரவுக்கு செக்சம் கிடையாது. ஒரு படத்தின் நடுவிலோ டேட்டாபேஸ் பக்கத்தின் நடுவிலோ வேறெதுவோ எழுதப்பட்டால் ஃபைல் சிஸ்டத்துக்கு அது தெரியவே தெரியாது.

ஹைபர்னேட் செய்யும், அதாவது ரேமை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைந்துபோகும், மடிக்கணினியிலும் இதே ஆபத்துதான். அங்கே லினக்ஸ் கர்னல் இதை எப்படிக் கையாள்கிறது என்பது கவனிக்கத்தக்கது. ஹைபர்னேட் ஆகும்போது டிஸ்க்கில் ரேமுக்கு உபரியாக ஒதுக்கிய ஸ்வாப் பகுதியின் தலைப்பில் இருக்கும் வழக்கமான அடையாளத்தை எடுத்துவிட்டு எஸ்1சஸ்பெண்ட் என்ற அடையாளத்தை எழுதும். எழும்போது, பிம்பத்தைப் படிக்கத் தொடங்கும் முன்பே பழைய அடையாளத்தைத் திரும்ப எழுதிவிடும். பாதியில் ஏதாவது கெட்டுப்போய் மறுபடி பூட் ஆனாலும், அந்தப் பிம்பத்தை யாராலும் இரண்டாம் முறை எடுக்க முடியாது. சாதாரண பூட்தான் நடக்கும். விண்டோஸ் ஹைபர்னேட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனை லினக்ஸில் எழுதும் உரிமையோடு மவுண்ட் செய்யப் போனால் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற டிரைவர் மறுப்பதும் இந்தக் காரணத்தால்தான். வெறும் சேவ் கோப்புக்கு இப்படி ஒரு காவல் இல்லை.

போஸ்ட்கிரெஸ் கண்ட குழப்பம்

ஃபைல் சிஸ்டத்துக்கு நேர்ந்தது அப்படியே இன்னொரு அடுக்கு மேலே டேட்டாபேஸுக்கும் நேர்ந்தது. போஸ்ட்கிரெஸ் தன் பொது நினைவில் பழைய பக்கங்களை வைத்திருந்தது. அடிக்கடி கேட்கப்படும் அட்டவணைகள் அங்கிருந்தே பதில் பெற்றன. செக்பாயின்ட் (நினைவில் உள்ளதை டிஸ்க்கில் எழுதும் தருணம்) வந்ததும் அழுக்குப் பக்கங்கள், டிஸ்க்கில் இருந்த புதிய பக்கங்களின் மேல் எழுதப்பட்டன. பழைய தரவு புதிய தரவை விழுங்கியது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை.

பிழைச் செய்தி வந்தது எதிர்த்திசையில்தான். போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பக்கத்திலும், கடைசியாக அதை மாற்றிய டபிள்யூஏஎல் (மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவேடு) பதிவின் இடம் எண்ணாக இருக்கும். விழித்த போஸ்ட்கிரெஸின் நினைவில் டபிள்யூஏஎல்லின் முனை இரண்டு வாரம் பின்னால் இருந்தது. கேஷில் இல்லாத பக்கம் ஒன்றை டிஸ்க்கிலிருந்து படித்தபோது, அதில் இன்னும் எழுதப்படாத, அதாவது இதன் பார்வையில் எதிர்காலத்தில் இருக்கும், ஓர் எண் இருந்தது. அந்தப் பக்கத்தை மாற்றித் திரும்ப எழுதும் முன் அதுவரையிலான டபிள்யூஏஎல்லை டிஸ்க்கில் சேர்க்க வேண்டும். அப்படி ஒன்று இல்லவே இல்லை. கேட்ட இடம் வரை பதிவேட்டைச் சேர்க்க முடியவில்லை, இவ்வளவுதான் சேர்த்திருக்கிறேன் என்று லாகில் புலம்பியது. இந்தச் செய்தியைப் பார்த்தால் பலர் டிஸ்க் பழுது என்றுதான் முதலில் நினைப்பார்கள். அங்கேயும் அப்படித்தான் நினைத்தார்கள். ஹோஸ்ட் அப்போதுதான் விழுந்து எழுந்திருந்ததால் அந்தச் சந்தேகம் இயல்பானதே.

அதைவிட முன்பே வந்த ஒரு தடயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டபிள்யூஏஎல் துண்டுகளை வேறொரு சேமிப்பகத்துக்கு நகலெடுக்கும் கமாண்ட் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்தது. காரணம் எளிது: பழைய இடத்திலிருந்து எழுதத் தொடங்கிய போஸ்ட்கிரெஸ், இரண்டு வாரத்துக்கு முன் உருவான துண்டின் அதே பெயரில் இன்னொரு துண்டை முடித்து அனுப்பியது. சேமிப்பகத்தில் அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தது. போஸ்ட்கிரெஸ் ஆவணம் பரிந்துரைக்கும்படி, இருக்கும் கோப்பின் மேல் எழுதாதே என்ற சோதனையோடு அந்த கமாண்ட் அமைக்கப்பட்டிருந்தது. அதனால் மறுத்தது. அந்த ஒரு சோதனைதான் இந்தக் கதையில் மீட்பைச் சாத்தியமாக்கியது. இந்த நகலெடுப்பை நடத்தும் ஆர்க்கைவர் ஒரு துண்டு வெற்றிகரமாகப் போகும்வரை அடுத்ததற்குப் போகாது என்பதால், கெட்ட துண்டு ஒன்றுகூடச் சேமிப்பகத்துக்குள் நுழையவில்லை.

எப்படிப் பிடிபட்டது

விஎம்முக்குள் எவ்வளவு நேரமாக ஓடுகிறாய் என்று கேட்டால் மூன்று மாதத்துக்கும் மேல் என்றது. ஹோஸ்ட் ஓடத் தொடங்கியதோ சற்று முன்புதான். விழுவதற்கு முன் யாரும் விஎம்மை சேவ் செய்யவில்லை. திடீரென்று நின்ற ஹோஸ்ட்டுக்கு அதற்கு நேரமும் இல்லை. அப்படியானால் இந்த நினைவு எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருந்தது.

மீதி விடை கடிகாரத்தில் இருந்தது. விஎம்மின் தேதி இரண்டு வாரம் பின்னால் நின்றது. ரீஸ்டோர் ஆன விஎம்மின் கடிகாரம், உறைந்த கணத்திலிருந்தே தொடரும். ஆகவே அது எவ்வளவு பின்தங்கியிருக்கிறதோ அதுதான் நினைவின் வயது. நேரத்தைச் சரிசெய்ய குரோனி ஓடிக்கொண்டிருந்ததே என்று கேட்கலாம். பல டிஸ்ட்ரோக்களின் இயல்பு அமைப்பில், தொடங்கியதும் வரும் முதல் 3 அளவீடுகளில் மட்டும்தான் அது கடிகாரத்தைத் தாவ விடும். இந்த குரோனியின் கணக்கில் அந்த மூன்றும் எப்போதோ முடிந்துவிட்டன. இனி மெல்ல மெல்லத்தான் இழுக்கும். அதன் இயல்பான உச்ச வேகம் 12 நொடிக்கு 1 நொடி. 14 நாளை ஈடுகட்ட 168 நாள் ஆகும். (ரீஸ்டோருக்குப் பின் விஎம்முக்குள் ஓடும் கெஸ்ட் ஏஜென்ட் வழியாக நேரத்தை ஒத்திசைக்க லிப்வர்ட்டில் கமாண்ட் இருக்கிறது. முறையான ரீஸ்டோரிலும் அதைச் செய்வது நல்லது.)

ஹோஸ்ட்டில் லிப்வர்ட் எழுதும் க்யூஎமு லாகைப் பார்த்ததும் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போனது. விஎம் புதிதாக பூட் ஆகாமல், வெளியிலிருந்து வரும் நிலையை ஏற்கும் விதமாகத் தொடங்கப்பட்டிருந்தது அதன் கமாண்ட் வரியிலேயே பதிவாகியிருந்தது.

மீட்பு

இந்தக் கட்டத்தில் எடுத்த முதல் முடிவு முக்கியமானது. விஎம்மை முறையாக ஷட்டவுன் செய்யவில்லை. லிப்வர்ட்டின் டிஸ்ட்ராய் கமாண்டால் அப்படியே வெட்டினார்கள். பெயர் பயமுறுத்தினாலும் அது பிளக்கைப் பிடுங்குவது மட்டுமே, எதையும் அழிக்காது. முறையான ஷட்டவுன் என்றால் சேவைகள் ஒவ்வொன்றும் தன் நினைவில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் போகும். நினைவே நஞ்சாக இருக்கும்போது அது மேலும் சேதம். நல்ல பழக்கம் கெடுதலாக மாறும் அரிதான இடம் இது.

அடுத்து டிஸ்க்கின் முழு நகலை எடுத்து, மூலத்தைத் தொடாமல் ஒதுக்கி வைத்தார்கள். ஃபைல் சிஸ்டம் பழுதுபார்ப்பை நகலில்தான் ஓட்டினார்கள். பல கோப்புகள், பெயர் தொலைந்தவற்றைப் போட்டுவைக்கும் ஃபோல்டருக்குப் போயின, சில பிளாக்குகளை இரண்டு கோப்புகள் தமதென்று கோரின. அந்த டேட்டாபேஸைப் பழுதுபார்த்து ஓட்டலாம் என்ற யோசனையை உடனே கைவிட்டது சரியான முடிவு என்பேன். டபிள்யூஏஎல்லை வலுக்கட்டாயமாக மீட்டமைக்கும் கருவி போஸ்ட்கிரெஸில் உண்டு. அது டேட்டாபேஸைத் தொடங்க வைக்கும், உண்மையாக்காது.

புதிய விஎம் ஒன்றில் கடைசி அடிப்படை பேக்கப்பை இறக்கி, சேமிப்பகத்தில் இருந்த டபிள்யூஏஎல் துண்டுகளை ஹோஸ்ட் விழுந்த நேரம் வரை ஓட்டினார்கள். சேமிப்பகத்துக்கு இன்னும் போகாத கடைசித் துண்டு டிஸ்க் நகலில் இருந்தது. ஆனால் அதன் நடுவில் பழைய பதிவுகள் ஏறியிருந்தன, அதை நம்ப முடியவில்லை, விட்டுவிட்டார்கள். போனது சில நிமிடத் தரவு. விஎம் தவறாக ஓடிய ஒரு மணி நேரத்தில் வந்த பதிவுகளை, அப்ளிகேஷன் சர்வரின் லாகிலிருந்து கையால் திரட்டி ஏற்றினார்கள். அதுதான் அலுப்பான வேலை. டேட்டாபேஸ் வரிசையாகக் கொடுக்கும் சீக்வென்ஸ் எண்கள் பின்னுக்குப் போயிருந்ததால், ஏற்கெனவே வேறு பதிவுகளுக்குக் கொடுத்த எண்கள் மறுபடி கொடுக்கப்பட்டிருந்தன. இரண்டு வாரத்துக்கு முன் நினைவில் காத்திருந்த அறிவிப்பு மின்னஞ்சல்கள் விழித்ததும் இரண்டாம் முறை கிளம்பிப் போயிருந்தன. அவற்றைத் திரும்ப அழைக்க வழியில்லை.

கோப்புக்குள் இருந்த ரகசியங்கள்

ஆய்வின் நடுவில் இன்னொரு விஷயம் எழுந்தது. என் பார்வையில் முதல் விஷயத்துக்கு இது குறைந்ததல்ல. அந்தக் கோப்பு இரண்டு வாரம் பேக்கப் ஃபோல்டரில் இருந்தது. அந்த ஃபோல்டர் ஒவ்வோர் இரவும் வெளி சேமிப்பகத்துக்கு நகலெடுக்கப்படுவது. லிப்வர்ட் கோப்பை உருவாக்கும்போது ரூட் மட்டும் படிக்கும்படிதான் உருவாக்கியது. ஆனால் நகலெடுக்கும் கருவி ரூட்டாக ஓடியது. போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த அனுமதிகளுக்கு மதிப்பில்லை.

ரேம் பிம்பத்தில் எல்லாமே திறந்து கிடக்கும். டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைய இணைப்பு) தனிச்சாவி, டேட்டாபேஸ் கடவுச்சொற்கள், உள்நுழைந்திருந்தவர்களின் அமர்வு டோக்கன்கள். விஎம்முக்குள் லக்ஸ் கொண்டு ஒரு பார்ட்டிஷனை என்க்ரிப்ட் செய்திருந்தார்கள். திறந்த நிலையில் இருந்ததால் அதன் முதன்மைச் சாவியும் பிம்பத்தில் இருந்தது. டிஸ்க் நகலும் இந்தக் கோப்பும் ஒரே இடத்தில் கிடைத்தால் அந்த என்க்ரிப்ஷன் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். சோதித்துப் பார்க்க விரும்புகிறவர் தம் சோதனை விஎம் ஒன்றின் சேவ் கோப்பில், சுருக்கம் எதுவும் இல்லாத நிலையில், எழுத்துகளை மட்டும் பிரித்துக் காட்டும் சாதாரணக் கருவியை ஓட்டிப் பார்க்கலாம். முதல் சில பக்கங்களிலேயே வயிற்றைக் கலக்கும்.

அதனால் அந்த விஎம் தொட்ட எல்லாச் சாவிகளையும் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. லக்ஸ் விஷயத்தில் கடவுச்சொல்லை மாற்றினால் போதாது. முதன்மைச் சாவி அதே சாவிதான். தரவை மறு என்க்ரிப்ட் செய்ய வேண்டும்.

டிஸ்க்கும் நினைவும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்ட சரியான ஜோடியாகவே இருந்தாலும், ஒரே நினைவை இருமுறை ஓட்டுவதில் ரகசியம் சார்ந்த ஆபத்து வேறொன்று உண்டு. ரேண்டம் எண் உருவாக்கியின் நிலையும் நினைவில்தான் இருக்கிறது. இருமுறை எழுப்பினால் அதே எண்கள் மறுபடி வரலாம். தாமஸ் ரிஸ்டன்பார்ட்டும் ஸ்காட் யிலெக்கும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் திருப்பப்பட்ட விஎம்களில் டிஎல்எஸ் இணைப்புகளை உடைக்கவும் சர்வரின் டிஎஸ்ஏ கையொப்பச் சாவியையே வெளிக்கொணரவும் முடியும் என்று காட்டினார்கள். விஎம் ஜெனரேஷன் ஐடி என்ற வசதியின் வேலை இப்படித் திருப்பப்பட்டதை விஎம்முக்கு உணர்த்துவதுதான். விண்டோஸ் சர்வர் 2012, டொமைன் கன்ட்ரோலர்கள் (பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் சர்வர்கள்) பழைய நிலைக்குப் போய்க் குழம்புவதைத் தடுக்க அதைப் பயன்படுத்தியது. லினக்ஸ் கர்னலில் அதற்கான டிரைவர் 2022இல், 5.18 பதிப்பில் வந்தது. ஐடி மாறினால் ரேண்டம் உருவாக்கிக்குப் புது விதை போடும். இருந்தால் இயக்கிக்கொள்வது நல்லது. ஆனால் டிஸ்க் சேதத்தை அது தடுக்காது.

மாற்றிய நடைமுறை

வேலைக்குறிப்பில் இப்போது ரீஸ்டோர் என்பது ஒரே கமாண்ட் அல்ல. முதலில், எழுந்ததும் ஓடாமல் நிற்கும்படி, பாஸ்டு விருப்பத்தோடு ரீஸ்டோர் செய்கிறார்கள். அந்த நிலையில் விஎம்மின் நினைவு ஏறியிருக்கும், சிபியு ஓடாது, உள்ளிருந்து டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. எந்த டிஸ்க் இணைந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஏதாவது சரியில்லை என்றால் வெட்டிவிடலாம். கோப்பு இன்னும் செல்லும். எல்லாம் சரியென்றால் ரெஸ்யூம் கொடுப்பதற்கு முன்பே கோப்பின் பெயரை மாற்றுகிறார்கள், ரெஸ்யூம் கொடுத்து விஎம் ஓடுவதைப் பார்த்ததும் அழிக்கிறார்கள். சிபியு ஓடத் தொடங்கும் அந்தக் கணம்தான் எல்லைக்கோடு.

எதற்கும் ஒரு நாள் இருக்கட்டுமே என்று அவர்களில் ஒருவர் கேட்டார். ஒரு நாள் கழித்து விஎம் விழுந்தால் தேவைப்படுவது சாதாரண பூட். டிஸ்க் கெட்டால் தேவைப்படுவது டிஸ்க் பேக்கப். அதே கணத்து டிஸ்க் நகல் கையில் இல்லாதவரை, ரெஸ்யூமுக்குப் பிறகு அந்தக் கோப்பு உதவும் சூழ்நிலை ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நினைவை ஆராய வேண்டிய தேவை இருந்து வைத்தே ஆக வேண்டும் என்றால், வெளிக்கருவி கொண்டு என்க்ரிப்ட் செய்து வைக்கலாம். லிப்வர்ட் தன் கோப்பைத் தலைப்பில் உள்ள அடையாளத்தால்தான் அறியும். என்க்ரிப்ட் ஆனபின் தவறுதலாக ரீஸ்டோர் கொடுத்தாலும் ஏற்காது. ரகசியமும் காக்கப்படும்.

பழைய நிலைக்குத் திரும்பிப் போகும் வசதி உண்மையிலேயே வேண்டுமென்றால் அதற்குரிய கருவி ஸ்னாப்ஷாட். க்யூகவ்2இன் உள் ஸ்னாப்ஷாட்டில் நினைவும் டிஸ்க்கும் ஒரே கோப்புக்குள் ஒரே கணத்தில் பதிவாகும். வெளி ஸ்னாப்ஷாட்டிலும் நினைவுக் கோப்பையும் டிஸ்க் மேலடுக்கையும் சேர்த்தே எடுக்கச் சொல்லலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: வெளி ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு விஎம் எழுதுவது மேலடுக்கில். அதற்கு முன் எடுத்த சேவ் கோப்பின் எக்ஸ்எம்எல்லோ இன்னும் அடிப்படை டிஸ்க்கையே சுட்டும். அதை ரீஸ்டோர் செய்தால் அடிப்படை மேல் எழுதப்பட்டு, அதை நம்பி நிற்கும் மேலடுக்கு முழுதும் செல்லாமல் போகும்.

மேனேஜ்டு சேவுக்கு மாறிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் இல்லை. அவர்கள் பார்ட்டிஷனைப் பெரிதாக்கி அதற்கு மாறினார்கள், அந்த பார்ட்டிஷனை என்க்ரிப்டும் செய்தார்கள். எஸ்எஸ்டியிலும் காப்பி ஆன் ரைட் (பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதும்) ஃபைல் சிஸ்டங்களிலும் மேலெழுதி அழிக்கும் கருவிகளை நம்ப முடியாது என்பதால், முதலிலேயே என்க்ரிப்ட் ஆன இடத்தில் எழுதுவதுதான் சரி. ஆனால் மேனேஜ்டு சேவ் கோப்பு காத்திருக்கும்போது யாராவது டிஸ்க்கை பேக்கப்பிலிருந்து மாற்றினாலோ, வெளியிலிருந்து மவுண்ட் செய்து ஒரு கோப்பைத் திருத்தினாலோ, அடுத்த ஸ்டார்ட் பழைய நினைவைப் புதிய டிஸ்க் மேல் எழுப்பும். அதே சேதம், இந்த முறை யாரும் ரீஸ்டோர் என்ற சொல்லைக்கூட அடிக்காமல். ஆட்டோஸ்டார்ட் இயக்கத்தில் இருந்தால் ஸ்டார்ட் என்றும் அடிக்க வேண்டியதில்லை. எனவே டிஸ்க்கைத் தொடும் எந்த வேலைக்கும் முன், மேனேஜ்டு சேவ் இருக்கிறதா என்று பார்த்து நீக்குவது குறிப்பில் சேர்ந்தது. நீக்க மறந்தாலும் ஃபோர்ஸ் பூட் விருப்பத்தோடு தொடங்கினால் கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக பூட் ஆகும்.

வெறும் சேவ் தேவைப்படும் அரிதான சமயங்களுக்காக ஒரு சிறு ஸ்கிரிப்டும் எழுதினார்கள். டிஸ்க் கோப்பு கடைசியாக மாறிய நேரம் நிலைக்கோப்பின் நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் அது ரீஸ்டோரை மறுக்கும். நகலெடுக்கும்போது நேரங்கள் மாறலாம், டிஸ்க் கோப்பாக இல்லாமல் ஒரு எல்விஎம் வால்யூமாக (நேரடி டிஸ்க் பகுதி) இருந்தால் இப்படி ஒப்பிடவே முடியாது. ஆனாலும் அன்றைய இரவில் இது இருந்திருந்தால் அந்த ரீஸ்டோர் நடந்திருக்காது.

பேக்கப் பட்டியலிலிருந்து சேவ் கோப்புகளை விலக்கியாயிற்று. ஏற்கெனவே வெளி சேமிப்பகத்துக்குப் போன நகல்களைத் தனியாகப் பிடுங்கி எடுக்க அந்தச் சேமிப்பக முறை இடம் தரவில்லை. தக்கவைப்புக் காலம் முடிந்து அவை உதிரும்வரை பழைய சாவிகள் வெளிப்பட்டுவிட்டவை என்றே கணக்கில் வைத்திருக்கிறார்கள்.